தொழுவமும் ஓர் ஆய்வுக்கூடமே

பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. விளைந்த நெல்லைக் காக்க முன்னோர் எடுத்த முயற்சிக்கு அது சான்று. அந்நெல்லுக்காகச் சேற்றில் ஏரிழுத்த எருதுகளைக் காக்க நாம் என்ன செய்யப்போகிறோம்?

உம்பளச்சேரி, காவிரிப் படுகையின் நாட்டு மாட்டினம். ஆழ்ந்த சேற்றிலும் அயராது உழைப்பது. வைக்கோலையும் அறுவடைத் தாளையும் உண்டு வாழ்வது. இதன் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறம் கொள்ளும். டிராக்டர் வந்தபின் எருதுக்கு வேலை குறைந்தது. பசுவும் மிகுதியாகப் பால் தருவதில்லை. ஆகவே வளர்ப்போர் அருகிவருகின்றனர். திருவாரூர் மாவட்டம் கொருக்கையிலுள்ள அரசுக் கால்நடைப் பண்ணை இவ்வினத்தைப் பேணிவருகிறது. 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் நம் மாவட்டத்து ஒரத்தநாட்டில் உள்ளது.

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள் கொண்டது. அதில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. அதுவரை காத்திராமல், விடுமுறையில் ஒரு வாரமேனும் இத்தகைய இடங்களில் மேனிலை வகுப்பு மாணவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சி அளிக்கவேண்டும் என்பது என் கருத்து.

பள்ளி மாணவரால் ஆய்வுக்கு என்ன பயன் எனச் சிலர் வினவலாம். ஆய்வு நுண்ணோக்கியில் மட்டும் தொடங்குவதன்று. தொழுவத்தில் எழுதப்படும் குறிப்பேட்டிலும் தொடங்குகிறது. கன்றின் எடை, நிறம் மாறிய நாள், பாலின் அளவு, தாய் தந்தை விவரம் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிவதே முதற்பணி. எண்ணிக்கை குறைந்த இனத்தில் நெருங்கிய உறவுடைய மாடுகளே மீண்டும் மீண்டும் இணைந்தால் சந்ததி நலிவடையும். அதைத் தவிர்க்க உதவுவது வழிமுறைப் பதிவேடே. அங்கே ஒரு பொய்யான எண், தலைமுறைகளைப் பாதிக்கும். அளக்கும்போது விலங்கு மிரண்டால் அளவீட்டை நிறுத்தும் கனிவும் அங்கேதான் பழகும்.

இன்னொன்றும் உண்டு. மாடு அசைபோடும் விதத்தைக் கொண்டே அதன் நோயை உணரும் முதியோர் நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்தம் அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அதைக் கேட்டெழுதிப் பின்னர் அறிவியல் முறையில் சோதிப்பதும் ஆய்வேயாகும்.

பெருமை பேசுவதால் மட்டும் ஓர் இனம் பிழைத்துவிடாது. வளர்ப்பவர்க்கு வருவாய் வேண்டும். அதற்கான வழியைக் காண நம்பத்தக்க தரவு வேண்டும். அத்தரவைத் திரட்டும் கைகள் இவ்வூர் மாணவர்களின் கைகளாக இருத்தல் வேண்டும்.