2004 தேர்தல்: நமக்கும் சேர்த்து விழுந்த வாக்கு

2003 டிசம்பரில் மூன்று மாநிலங்களில் பெற்ற வெற்றி தந்த துணிவில், வாஜ்பாய் அரசு 2004 பிப்ரவரியிலேயே மக்களவையைக் கலைத்துவிட்டது. பதவிக்காலம் முடிய இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. 'இந்தியா ஒளிர்கிறது' என்று விளம்பரங்கள் முழங்கின. வறட்சியால் கடனாளியான விவசாயியின் வீட்டுக்கு அந்த ஒளி எட்டவில்லை. மே 13 அன்று வாக்குகளை எண்ணியபோது காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. ஆட்சி மாறியது.

தமிழகத்தில் பா.ஜ.க.வோடு சேர்ந்து நின்ற அ.தி.மு.க.வுக்கு 39 தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சில நாள்களிலேயே முதல்வர் ஜெயலலிதா, 2002-இல் தாம் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இறைமக்கள் மகிழ்ந்தார்கள், நியாயமான மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அறிவிப்பை முழுவதும் வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் மீண்டும் வந்தது. 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள்மீதான நடவடிக்கைகளும் கைவிடப்பட்டன. நம்மைப் பற்றிய சட்டம் அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவே.

தமிழகத்தில் நாம் எல்லாத் திருச்சபையினரும் சேர்ந்தே நூற்றுக்கு ஆறு பேர். நம் செபமும் கண்டனக் கூட்டங்களும் வீண் என்று சொல்லமாட்டேன். எனினும் அரசைப் பணியவைத்தது, மின்சாரத்தையும் சம்பளத்தையும் எண்ணி வாக்களித்த அயலாரின் பெருங்கூட்டம். அவர்களில் பலர் நம் சட்டத்தை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். அவர்களுடைய மின்சாரத்துக்காக நம் பங்குகளில் எத்தனை கூட்டம் போட்டோம்?

உத்தரப் பிரதேசத்தில் 2020 முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.