பூனைக்குப் பால் வைத்தால் போதுமா?

தில்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களாகிய நாம் வேறு எதில் ஒன்றுபடுகிறோமோ இல்லையோ, விடுதிப் பூனைக்குத் தயிர்சாதம் போடுவதில் ஒன்றுபட்டிருக்கிறோம். நெல்லைக்காரரும் போடுகிறார், கோவைக்காரரும் போடுகிறார். அந்த அன்பைக் குறை கூற நான் இதை எழுத வரவில்லை. ஆனால் நோயுற்றுக் கிடக்கும் பூனையின் முன்னே ஒரு கிண்ணம் பாலை வைத்துவிட்டு, கடமை தீர்ந்தது என்று நூலகத்துக்கு நடையைக் கட்டுகிறோமே, இது பூனைக்குச் செய்யும் உதவியா, நம் மனத்துக்கு நாமே செய்துகொள்ளும் உபசாரமா?

குட்டிப் பருவம் கழிந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் நொதி அவற்றுக்குக் குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே உடல் வற்றிய பிராணிக்கு அந்தப் பால் வயிற்றுப்போக்கைத்தான் தரும். சோற்றின் கதையும் ஏறக்குறைய இதுவே. பூனை பிறவியிலேயே ஊன் உண்ணி. டாரின் என்ற பொருளைப் போதிய அளவு தன் உடலில் அதனால் ஆக்கிக்கொள்ள முடியாது. இறைச்சியிலும் மீனிலும்தான் பெறவேண்டும். அது குறைந்தால் கண் கெடும் என்று 1975-லும், இதயம் கெடும் என்று 1987-லும் ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. சைவ நண்பர்கள் மன்னிக்க. உங்கள் விரதத்தைப் பூனையின் தலையில் ஏற்றாதீர்கள். உப்பும் மசாலாவும் படாத வேகவைத்த கோழித்துண்டு ஒன்று, தயிர்சாதம் ஒரு வாளியைவிட மேல்.

பாலாவது வயிற்றோடு போகும். மருந்து உயிரோடு போகும். காய்ச்சல் என்று நம் பெட்டியிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் இரக்கசாலிகள் உண்டு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நம் கல்லீரல் அம்மருந்தைக் குளுக்குரானிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றுகிறது. பூனைக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கமாட்டாமல் பழுப்பேறிப்போகிறது. பீனால் கலந்த தரைக்கழுவியும் இதே காரணத்தால் அதற்கு நஞ்சு. வேதியியல் படிப்போர் இத்தனை பேர் இருந்தும் இது விடுதியில் பரவாதது வியப்புத்தான்.

நிற்க. சென்ற குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விடுதியில், பல இடங்களில் கிடந்த குட்டிகளையெல்லாம் பரிவோடு பொறுக்கி வந்து ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்தார்கள். வந்தவற்றுள் ஒன்றுக்குப் பான்லுகோபீனியா. வெள்ளணுக்களை வற்றச் செய்யும் வைரஸ் நோய் அது. வாந்தி, பேதி, சோர்வு, பிறகு மரணம். ஒரு வாரத்துக்குள் பெட்டி காலி. கிருமி மட்டும் காலியாகவில்லை. தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட அது உயிர்த்திருக்கவல்லது, ஸ்பிரிட்டுக்கு அஞ்சாது. சலவைக்கு வாங்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்குச் சுமார் 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும். புதிதாக வரும் குட்டியை இரண்டு வாரமாவது தனியே வைக்கவேண்டும். அதைத் தொட்ட கையோடும் சட்டையோடும் அடுத்ததைத் தொடலாகாது. இடமில்லையா? அப்படியானால் ஒன்றை மட்டும் எடுங்கள். பத்தை எடுத்துப் பத்தையும் இழப்பதை மீட்பு என்று நான் ஒப்பமாட்டேன்.

எடுத்த குட்டி குளிர்ந்திருந்தால் ஊட்ட அவசரப்படவேண்டாம். மூன்று வாரம் நிரம்பாத குட்டி தன் சூட்டைத் தானே காக்க அறியாது. குளிர்ந்த வயிறு செரிக்காது. துவாலையில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியால் முதலில் சூடேற்றி, பிறகே குட்டிகளுக்குரிய பால்மாவு. சளி பிடித்துக் கண் ஒட்டிய பூனைக்கு வெதுவெதுப்பான நீரால் கண்ணைத் துடைத்து, உணவையும் சற்றே சூடாக்கி வைத்தால் மணம் பிடித்து உண்ணும். இரண்டு நாள் உண்ணவில்லையென்றால் டாக்டரிடம்தான் போகவேண்டும். கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். வீரம் காட்ட வேண்டிய இடம் இதுவன்று.

‘மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் பூனைக்கு வைத்தியமா?’ என்பாரும் உளர். இப்படிக் கேட்பவர்கள் மனிதனுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போவதை நான் கண்டதில்லை, அது கிடக்கட்டும். பிராணிவதைத் தடுப்புக்கென்று 1950-களில் மாநிலங்களவையில் தனி மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1960-ல் சட்டம் பிறந்தது. நாடு அன்று இன்றைவிட ஏழை. உயிர்களிடம் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவும் 1976 முதல் சொல்கிறது.

சாக்கில் கட்டி வெளியே விட்டுவிடலாம் என்ற யோசனையும் அடிபடுகிறது. எச்சில்தொட்டி திறந்திருக்கும்வரை போன பூனையின் இடத்துக்கு வேறு பூனை வரும். ஐந்து மாதத்திலேயே சூலாகக்கூடிய பிராணி. ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். அறுவை செய்து, அடையாளமாகக் காதுநுனி வெட்டி, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் எண்ணிக்கையைக் கட்டும். பிறந்து சாகும் குட்டிகளையும் குறைக்கும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள்: பொங்கல் விழா வசூலில் ஒரு பங்கைப் பூனைகளின் அறுவைக்கும் தடுப்பூசிக்கும் ஒதுக்குக. ஒரு காலி அறையைக் கேட்டு வாங்குக. அதைவிட அவசரமானது மே மாதம். பத்து மாதம் சோறிட்டுப் பழக்கிவிட்டு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் எல்லோரும் ஏறிவிடுகிறோம். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் தண்ணீர் வைக்கவும் ஆளில்லை. ஆய்வு மாணவர் சிலர் ஊருக்குப் போவதில்லை என்று அறிவேன். அவர்கள் பெயர்களை இந்த மாதக் கூட்டத்திலேயே எழுதிக்கொள்வோம். முதல் பெயராக என்னுடையதைச் சேர்த்துக்கொள்ளலாம்.