ஜரிகையை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு வருவோம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

பாலிமர் என்றால் வாளியும் பையும்தான் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். போளூர்க் கடைத்தெருவில் விரித்துப் போடும் சேலைகளின் கரையைப் பாருங்கள்; அங்கே பாலிமர் பொன்னாக மின்னிக்கொண்டிருக்கும்!

அசல் ஜரிகை என்பது பட்டிழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதில் பொன் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. பிளாஸ்டிக் ஜரிகையோ பாலியெஸ்டர் படலத்தைப் பொடி நாடாக்களாக நறுக்கியது. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுத்து நீட்டுவதால் அப்படலத்தின் மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசைப்படுகின்றன; 12 மைக்ரான் தடிப்பிலும் எளிதில் அறுவதில்லை. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவைக்கிறார்கள். விழும் ஒளியில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை அது திருப்பி அனுப்புவதால் வெள்ளிபோலத் தோன்றும். மேலே மஞ்சள் சாயம் கலந்த மெருகு ஏறியதும் நீல ஒளி உறிஞ்சப்பட்டுப் பொன்னிறம் பிறக்கிறது. பொன்னும் நீலத்தை விழுங்கித்தானே மஞ்சளாகிறது? பின் கண் ஏமாறுவதில் வியப்பென்ன!

பிளாஸ்டிக் ஜரிகையை நான் பழிக்கவில்லை. வெள்ளி வாங்க இயலாத வீட்டுப் பெண்ணும் மணநாளில் மினுமினுக்கட்டுமே. அதை வெள்ளி விலைக்கு விற்கும் நாவின்மேல்தான் எனக்குக் கோபம். சோடாவில் துவைத்து மெருகும் அலுமினியமும் போனபின் பழி யார்மேல் விழுகிறது? கொடுத்த ஜரிகையைக் கூலிக்கு நெய்தவர்மேல்! 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரையும் பட்டுக்குத்தான் சான்று, ஜரிகைக்கு அன்று.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், தெருவில் பலரும் சேலையை நீட்டி, "படிக்கிற பிள்ளைதானே, அசலா என்று சொல்" என்கிறார்கள். கேள்வி நியாயமானது. பல்கலைக்கழகங்களில் பாலிமர் படலத்தில் ஏதேனும் ஒரு தூளைக் கலந்து ஒளி உறிஞ்சலை வரைபடமாக்கும் ஆய்வுகள் குவிகின்றன. நல்லதுதான். ஆனால் நம் முந்தானையில் ஏறிய படலத்தை யார் ஆராய்வது?

காற்று ஆப்புச் சோதனையில் ஆண்டுதோறும் தாள் துண்டின் தடிப்பையே அளந்து மதிப்பெண் வாங்குகிறோம். அங்கே ஜரிகைப் படலத்தைப் பிரித்து வைத்தால் என்ன? 12 மைக்ரானுக்குச் சோடியம் ஒளியில் சுமார் 40 பட்டைகள் எண்ணலாம். தடிப்பு மட்டும் அசலைக் காட்டாது என்பது உண்மையே. அதற்குச் சுடர் இருக்கிறது: பிளாஸ்டிக் சுருங்கி உருகி மணியாகும், அசலில் பட்டு மயிர் கருகும் வாடையுடன் எரிய, உலோகம் நிற்கும். தாமிரத்தில் செய்த இடைத்தர ஜரிகையை வேதியியல் தோழர்கள் பிடித்துவிடுவார்கள். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உப்புநீர் விட்டால் வெள்ளி வெண்மையாகப் படியும். அம்மோனியா விட்டு அடர்நீலம் கண்டால் தாமிரம்.

மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தைத் திறந்துவைக்கத் துறையினர் இசைய வேண்டும். கொண்டுவருவோர் சேலையை வெட்ட வேண்டியதில்லை. முந்தானை ஓரத்தில் தொங்கும் இரண்டு அங்குல இழை போதும்.