மலைநாட்டு வீடியோ நாடாக்கள்: முதற்பிரதியில் சிக்கனம் வேண்டாம்

கண்டியிலும் கம்பளையிலும் மாத்தளையிலும் எத்தனையோ வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் வீடியோ கசட்டுகள் இன்னமும் கிடக்கின்றன. 1980களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை இந்த மலைப்பக்கத்தில் நடந்த கலியாணங்கள், சாமத்தியச் சடங்குகள், கோயில் தேர்கள், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்கள் அவற்றில்தான் இருக்கின்றன. இவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. ஆட்களின் முகம் தெரிந்தால் போதும் என்று மிக மலிவான வழியில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நாடாவை எறிந்துவிடுகிறார்கள். அந்தப் பிரதியில் விடுபட்டது எதுவோ, அது அன்றோடு போயிற்று. பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வராது. ஒரு நாடா தரக்கூடிய அனைத்தையும் முதற்பிரதியிலேயே வாங்கிவிட வேண்டும், சுருக்குவதும் அழகுபடுத்துவதும் அதற்குப் பிறகுதான் என்பதே இங்கு நான் வலியுறுத்த விரும்புவது.

பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்ல இனி இடமில்லை. வீ.எச்.எஸ். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களைச் சாதாரணமாக ஓட்டிப் பார்க்கும் வசதி 2025ஐ ஒட்டி அற்றுப்போகும் என்று யுனெஸ்கோவின் தகவல் திட்டமும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019இல் எச்சரித்தன. இதற்கு மேல் நமது காலநிலை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் இடைப்பருவ மழை, அது ஓய்வதற்குள் வடகீழ்ப் பருவமழை என்று ஈரலிப்பு விடாத ஊர் இது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள்போலப் பூஞ்சணம் பிடிக்கிறது. அதைக் கவனிக்காமல் டெக்கில் போட்டால் அந்த நாடாவும் கெடும், டெக்கின் தலையும் அழுக்காகும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் அது பரவும். போதாததற்கு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை வெள்ளத்தாலும் மண்சரிவாலும் தாக்கியபோது, ஒரே ஒரு பிரதியாக ஒரு வீட்டில் இருக்கும் எந்தப் பொருளும் நிரந்தரமில்லை என்பதை எல்லோரும் பார்த்துவிட்டோம்.

முதலில் மினிடிவி நாடாவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கேதான் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடிய இழப்பு நேர்கிறது. 1995இல் அறிமுகமான இந்தச் சின்ன நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. நொடிக்கு 25 மெகாபிட் என்ற அளவில் படம் எண்களாகவே அதில் எழுதப்பட்டிருக்கிறது. கமராவின் ஃபயர்வயர் துளையிலிருந்து கணினிக்கு வயர் இழுத்தால் அந்த எண்கள் அப்படியே வந்து சேரும், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட்டாக. இதில் தர இழப்பு என்று ஒன்று இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? கமராவின் மஞ்சள் வயரை எடுத்து யூ.எஸ்.பி.யில் செருகும் மலிவான கருவி ஒன்றில் மாட்டுகிறார்கள். டிஜிட்டலாக இருந்த படம் பழைய மின்சமிக்ஞையாக மாறி, மறுபடியும் டிஜிட்டலாக மாறி, அந்தக் கருவியின் மென்பொருளால் உடனேயே நசுக்கப்பட்டு வந்து சேர்கிறது. வயர் ஒன்றை மாற்றினால் தீரும் விடயம் இது. ஃபயர்வயரும் விடைபெறும் கட்டத்தில் இருக்கிறது. 2025இல் வெளியான மெக் இயங்குதளத்தில் அதற்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. எனவே மூலையில் கிடக்கும் பழைய கணினியில் அந்தத் துளை இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

வீ.எச்.எஸ்., ஹை8 போன்ற பழைய நாடாக்களின் கதை வேறு. அவற்றில் படத்தின் வெளிச்சமும் நிறமும் தனித்தனி அலைவரிசைகளில் பதியப்பட்டிருக்கின்றன. மஞ்சள் வயர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் கருவி அவற்றைத் திரும்பப் பிரிக்கப் பார்க்கிறது, முழுமையாக முடிவதில்லை. பட்டுச்சேலைக் கரையில் புள்ளிகள் ஊர்வதும் சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டிக் கசிவதும் இதன் விளைவுதான். எஸ்-வீடியோ வயர் இரண்டையும் பிரித்தே கொண்டுபோகிறது. ஹை8 கமராக்கள் பலவற்றிலும் எஸ்.வீ.எச்.எஸ். டெக்குகளிலும் அந்தத் துளை உண்டு. சாதாரண வீ.எச்.எஸ். கசட்டையும் எஸ்.வீ.எச்.எஸ். டெக்கில் ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடுத்த சிக்கல் நாடாவின் நடுக்கம். வயதான நாடா இழுபடும்போது படத்தின் வரிகள் ஒவ்வொன்றும் சற்று முந்தியோ பிந்தியோ வருகின்றன. நேர்க்கோடாக நிற்க வேண்டிய கதவு நிலை நெளிகிறது. கணினி இடையில் சில பிரேம்களைத் தவறவிட, சத்தமும் வாயசைவும் பிரிந்துபோகின்றன. வரிகளை நேரத்துக்கு நிறுத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்ற சுற்று நல்ல டெக்குகள் சிலவற்றிலேயே உள்ளே இருக்கிறது. பழைய 8 மில்லிமீற்றர் நாடாக்களையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 கமராக்கள் சிலவும் இந்த வேலையைச் செய்து, ஃபயர்வயர் வழியாகவே படத்தைத் தருகின்றன. பிரதி எடுக்கத் தரும் இடத்தில் கேட்க வேண்டிய முதற் கேள்விகள் இவைதான்: எந்த டெக், எந்த வயர், எந்த வடிவில் கோப்பு. விலையைப் பிறகு கேட்கலாம்.

கோப்பின் வடிவம்தான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம். அதை விளங்கிக்கொள்ளக் கண்டியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. எசல பெரஹராவை இரவில் எடுத்த ஒரு நாடாவை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் இருள், நடுவே கொப்பரா எரியும் பந்தங்கள், தீச்சக்கரம் சுழற்றுபவர்கள், விளக்குகள் மின்னும் யானை உடுப்பு. இருட்டில் கமரா தானாகவே புள்ளிப் புள்ளியாக இரைச்சலைப் பதிந்திருக்கும். படத்தைச் சுருக்கும் மென்பொருள் எதுவும் அசையாத, ஒரே சீரான பரப்புகளில்தான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. தீயும் இரைச்சலும் ஒவ்வொரு நொடியும் மாறுவதால் அதற்கு மிச்சம் பிடிக்க ஒன்றும் அகப்படுவதில்லை. ஆகவே இருளைக் கட்டங்கட்டமாக வெட்டிவிடுகிறது. மேலும் நமது நாட்டில் வழங்கிவந்த பால் (PAL) முறைப் பதிவு நொடிக்கு 25 முழுப்படங்கள் என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் ஒன்றுவிட்டொரு வரியாக நொடிக்கு 50 அரைப்படங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கணம். அவற்றில் பாதியை வீசிவிட்டு எடுக்கும் பிரதியில் தீப்பந்தத்தின் வட்டம் வட்டமாக இராது, துண்டு துண்டாகத் தாவும். 2000களில் எல்லோர் வீட்டுக்கும் வந்த வீசீடி இதைத்தான் செய்தது: 720க்கு 576 புள்ளிகளாக எடுக்கக்கூடிய படத்தை 352க்கு 288 ஆக்கியது, அதாவது கால்வாசி, நகர்விலும் பாதி. தோட்டங்களில் மாசி, பங்குனியில் விடிய விடிய ஆடப்படும் காமன் கூத்துக்கும் இதே கதிதான். காமன் எரியும் கட்டமே அந்தக் கூத்தின் உச்சம், சுருக்கிய பிரதியில் முதலில் சிதைவதும் அதுவே.

ஆகவே முதற்பிரதி அரைப்படங்களைக் கலைக்காமல், இழப்பில்லாத வடிவில் இருக்க வேண்டும். எஃப்.எஃப்.வி.1 என்ற இலவச முறை உலகக் காப்பகங்கள் பலவற்றில் இதற்கென்றே பயன்படுகிறது. ஒரு மணி நேரத்துக்கு அது ஏறத்தாழ 30 ஜிகாபைட் கொள்ளும். அதிகம் என்று தோன்றும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் முப்பது மணி நேரத்துக்கு மேல் வைக்கலாம் என்று கணக்குப் போட்டால், ஒரு குடும்பத்தின் மொத்த நாடாக்களும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் பார்க்கவும் கனடாவில் இருக்கும் உறவுக்கு அனுப்பவும் அதிலிருந்து சின்னக் கோப்பு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுக்கும்போது 4க்கு 3 என்ற பழைய சட்டத்தைத் தொலைக்காட்சித் திரையின் அகலத்துக்கு இழுத்துவிடாமல் இருந்தால், மணமக்கள் இருந்த உருவிலேயே இருப்பார்கள்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, நியாயமானவையும் உண்டு. மூலமே மங்கல், அதில் போய் என்ன தரம் பார்ப்பது என்பது ஒன்று. மூலம் மங்கலாக இருப்பதுதான் தரம் பார்க்கக் காரணம். நிறைய உள்ளவனுக்குக் கொஞ்சம் குறைந்தால் தெரியாது, சொற்பமாக உள்ளவற்றில் பாதி போனால் மிஞ்சுவது எதுவுமில்லை. செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் கூர்மையாக்கிவிடுமே என்பது இப்போது அதிகம் கேட்கும் மறுப்பு. அது இழந்ததை மீட்பதில்லை. மங்கிய முகத்துக்குப் பதிலாக, தான் பார்த்துப் பழகிய ஆயிரம் முகங்களிலிருந்து ஒரு முகத்தை ஊகித்து வரைகிறது. இறந்துபோன பாட்டியின் படத்தில் பாட்டியின் சாயலுள்ள வேறொருவரை வைப்பதை மேம்பாடு என்று நான் ஏற்கமாட்டேன். அந்தக் கருவிகளைப் பயன்படுத்த விரும்புவோருக்கும் நல்ல மூலம் வேண்டும். வடித்தெடுத்த தேயிலையில் மறுபடி வெந்நீர் ஊற்றிச் சாயம் எதிர்பார்க்க முடியாது. செலவு பற்றிய மறுப்புக்குத்தான் எளிதான பதில் இல்லை. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டக் குடும்பம் ஒன்றிடம் எஸ்.வீ.எச்.எஸ். டெக்கும் டைம் பேஸ் கரெக்டரும் தேடு என்று சொல்வது கொடுமை. வசதியில்லாதவர்கள் கிடைத்த வழியில் ஒரு பிரதி எடுக்கட்டும், அது ஒன்றும் இல்லாததைவிட நல்லது. நாடாவை மட்டும் எறியாமல், உலர்ந்த இடத்தில், நெட்டாக நிறுத்தி வைக்கட்டும்.

செலவைத் தனித்தனி வீடுகளின் தலையில் போடாமல் பொதுவாக ஏற்கலாம். ஏற்கவும் வேண்டும், ஏனென்றால் இவை வீட்டு ஞாபகங்கள் மட்டுமல்ல. மலையகத் தமிழர் இங்கு வரத் தொடங்கிய 1823இலிருந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த 200 ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த மக்களைப் பற்றிப் பிறர் எழுதியது, பிறர் எடுத்த படம். தங்கள் விழாவை, லயத்தை, கூத்தைத் தாங்களே படம்பிடித்த முதல் காலம் இந்தக் கமரா காலம்தான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களை வெவ்வேறு ஆண்டுகளில் யாரோ ஒரு பக்தர் வீதியோரம் நின்று எடுத்த நாடாக்கள், அந்தந்த ஆண்டின் கடைப்பலகையையும் உடையையும் மேளக்காரரையும் சேர்த்துப் பதிந்திருக்கும். கம்பளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பேராதனையில் பல்கலைக்கழகமும் அதன் பெரிய நூலகமும் இருக்கின்றன. 2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவருகிறது. இவற்றில் ஒன்று இடம் கொடுத்து, நல்ல டெக் இரண்டு, ஃபயர்வயர் உள்ள கணினி ஒன்று, சில டிஸ்க்குகள் என்று ஒரு மேசையை அமைத்தால் கண்டிக்கும் மாத்தளைக்கும் நுவரெலியாவுக்கும் போதும். டெக் திருத்தத் தெரிந்தவர்கள், அக்காலத்தில் கலியாண வீடியோ எடுத்தவர்கள், இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான கூலி கொடுத்து இளையவர்கள் நான்கு பேருக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கச் செய்ய வேண்டும். இந்தக் கைப்பழக்கத்தை எந்தக் கையேடும் தராது.

அப்படி ஒரு மேசை வந்தால், ஒரு நிபந்தனை முதல் நாளே எழுதப்பட வேண்டும். சடங்கு வீட்டு நாடாவில் இருப்பது ஒரு பெண்ணின் சிறுபருவம். செத்த வீட்டு நாடாவில் இருப்பது ஒரு குடும்பத்தின் அழுகை. பிரதி எடுத்துத் தந்ததற்காக அவற்றை இணையத்தில் ஏற்றும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் வந்துவிடாது. நாடாவும் முழுத்தரப் பிரதியும் உரியவர்களிடம் போக வேண்டும். காப்பகத்தில் ஒரு பிரதி இருக்கலாமா, யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு கழித்து என்பதை அவர்கள், குறிப்பாகப் படத்தில் இருக்கும் பெண்கள், சொல்ல வேண்டும். தேர், கூத்து, பாடசாலை விழா போன்ற பொது நிகழ்ச்சிகளிலிருந்து வேலையைத் தொடங்கினால் இந்தத் தயக்கத்துக்கும் இடமிராது. முதல் கசட்டுகளைக் கோயில் நிர்வாக சபைகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் இந்த மாதமே கேட்டு வாங்கலாம்.