மைசூர் சர்டிபிகேட்டும் பத்து நிமிட வகுப்பும்

காபிக்கு கும்பகோணம், அல்வாவுக்கு திருநெல்வேலி, யோகாவுக்கு மைசூர். இந்த மூன்றாவது நம்பிக்கை கடல் தாண்டியும் செல்லுபடியாகிறது. நான் வெளிநாட்டில் ஒரு உடற்பயிற்சி மையத்தில் ஆள் எடுக்கும்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்கிறவன். 'மைசூரில் பயிற்சி பெற்றவர்' என்ற வரி இல்லாமல் யோகா டீச்சர் வேலைக்கு பயோடேட்டா வருவது அபூர்வம். நம் ஊர்ப் பிள்ளைகளும் நிறைய அனுப்புகிறார்கள். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து கோர்ஸ் முடித்தவர்கள் அதில் உண்டு. அதனால்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இன்டர்வியூவுக்கு இவர்கள் தயார் செய்துகொண்டு வருவது பெரும்பாலும் மூன்று விஷயங்கள். தசைகளின் பெயர்கள், ஆசனங்களின் சமஸ்கிருதப் பெயர்கள், 'உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன' வகையறா கேள்விகளுக்கு மனப்பாடப் பதில்கள். மூன்றும் தேவைதான், ஆனால் வேலை கிடைப்பது இவற்றால் இல்லை. இந்தத் தொழிலில் இன்டர்வியூ என்பது வைவா அல்ல, வகுப்பு. முன்பின் தெரியாத ஒரு ஆளை எதிரில் நிறுத்தி, அவரைப் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ள உனக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு சாட்சி வெளியே தேட வேண்டாம், மைசூரே போதும். 1933-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. அரண்மனை சார்பில் ஊர் ஊராகப் போய் ஆசனங்கள் செய்து காட்டும் வேலையும் அவருக்கு இருந்தது. கூட்டம் சேர்க்க உடம்பை வில்லாக வளைத்துக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அது விளம்பரம். சொல்லிக்கொடுப்பது வேறு. அதே கிருஷ்ணமாச்சார்யா 1950-களில் சென்னைக்கு வந்த பிறகு, எதிரில் இருப்பவரின் வயது, நோய், வேலை எல்லாம் பார்த்து ஆளுக்கொரு பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். இவர் மாணவர் பட்டாபி ஜோயிஸ் லட்சுமிபுரத்திலும் பிறகு கோகுலத்திலும் நடத்திய வகுப்புகளால் பிரபலமான 'மைசூர் ஸ்டைல்' என்றால் என்ன? ஆசிரியர் முன்னால் நின்று எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை போடுவதில்லை. அவரவர் தன் வேகத்தில் செய்ய, ஆசிரியர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போவார். ஆக, மைசூரின் பெயரில் உலகம் முழுக்கப் பரவியிருப்பது வளையும் வித்தை மட்டுமல்ல, பார்க்கும் வித்தையும்தான்.

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகச் சிறந்த இன்டர்வியூ 1952-ல் பம்பாயில் நடந்தது. பி.கே.எஸ். ஐயங்கார் சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக அவதிப்பட்டவர். 1934-ல் மைசூருக்குப் போய் அக்கா கணவரான கிருஷ்ணமாச்சார்யாவிடம் யோகா கற்றார். 1937-ல், பதினெட்டு வயதில், புனேயின் டெக்கான் ஜிம்கானாவில் சொல்லிக்கொடுக்க அனுப்பப்பட்டார். மராத்தி தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. அப்படிப்பட்டவருக்கு பதினைந்து வருடம் கழித்து வயலின் மேதை யெஹூதி மெனுஹினைச் சந்திக்க ஐந்து நிமிடம் கிடைத்தது. மெனுஹின் அப்போது களைத்துப் போயிருந்தார். ஐயங்கார் அந்த ஐந்து நிமிடத்தில் தலைகீழாக நின்று காட்டவில்லை. மெனுஹினைப் படுக்க வைத்து ஓய்வெடுக்கச் செய்தார். அவர் அப்படியே தூங்கிப் போய், ஒரு மணி நேரம் போல கழித்துத் தெளிவாக எழுந்தார். அங்கே தொடங்கியதுதான் ஐயங்காரின் ஐரோப்பியப் பயணம் எல்லாம்.

கவனியுங்கள், அவர் காட்டியது தன் உடம்பை அல்ல. எதிராளியின் களைப்பைப் பார்த்ததைத்தான் காட்டினார்.

இப்போது சர்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் வழங்கும் 200 மணி நேரப் பதிவு உலகமெங்கும் கேட்கப்படுகிறது. ஆனால் அந்த அமைப்பு தனி ஆளுக்குத் தேர்வு எதுவும் வைப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிப்பை முடித்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018-ல் வந்த யோகா சான்றிதழ் வாரியம் எழுத்து, செய்முறை இரண்டிலும் தேர்வு வைக்கிறது. ஜிம் பக்கம் போனால், ஏஸ் என்ற அமெரிக்க அமைப்பின் ட்ரெயினர் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 150 கொள்குறி வினாக்கள். சிபிஆர் சான்றிதழும் வேண்டும். எல்லாம் நல்லவையே. ஆனால் இவை உங்களை வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். உள்ளே நடக்க வேண்டியது நீங்கள்.

அப்படியென்றால் எதைத் தயார் செய்வது? தெருவில் உள்ள மூன்று பேரைப் பிடியுங்கள். முட்டிவலியும் சர்க்கரையும் உள்ள ஒரு அத்தை, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு அண்ணன், பிரசவம் முடிந்து சில மாதம் ஆன ஒரு அக்கா. டாக்டர் உடற்பயிற்சிக்குச் சம்மதித்தவர்களாக இருக்கட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் வகுப்பு எடுங்கள். முதல் இரண்டு நிமிடம் கேள்வி மட்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? நடக்கும்போது நெஞ்சில் வலி வருமா? மயக்கம் வந்ததுண்டா? உடற்பயிற்சிக்கு முன் கேட்க வேண்டிய இந்த மாதிரிக் கேள்விகளை ஏழாகச் சுருக்கி 'பார்-க்யூ' என்ற படிவமாகவே வைத்திருக்கிறார்கள். அதை மனப்பாடமாக ஒப்பிக்காமல், பேச்சுவாக்கில் கேட்டுப் பழகுங்கள்.

பதிலுக்கு ஏற்றபடி வகுப்பை மாற்றுவதுதான் அடுத்த பாடம். பிபிக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவருக்கு '220-ல் வயதைக் கழி' என்ற இதயத்துடிப்புக் கணக்கு உதவாது, மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். கண் அழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழாக நிறுத்தக் கூடாது. இன்சுலின் போடுகிறவர் நடுவில் வியர்த்து நடுங்கினால், நினைவோடு விழுங்கும் நிலையில் இருக்கும்போதே 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரை. இவை தெரிந்த ஆள் இன்டர்வியூவில் பேசுகிற பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

'இன்றைக்கு இது வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்' என்று சொல்லவும் பழக வேண்டும். இந்த ஒரு வாக்கியம் பலருக்கு வாயில் வராது. கஸ்டமர் போய்விடுவாரோ என்ற பயம். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் பெங்களூரில் உடற்பயிற்சிக்குப் பிறகு நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டு, 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். உடனே பெங்களூரிலும் மைசூரிலும் உள்ள ஜயதேவா இதய மருத்துவமனைகளுக்குப் பரிசோதனைக்காக மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஜிம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல யாருக்கும் ஆதாரமில்லை. ஆனால் வியர்வை வழிய ஒரு ஆள் நெஞ்சைத் தடவும்போது பக்கத்தில் முதலில் நிற்பது டாக்டர் இல்லை, ட்ரெயினர்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் மார்பை அழுத்தத் தெரியாத ஆளுக்கு சிக்ஸ் பேக் இருந்து என்ன பிரயோஜனம்?

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராம் போட்டோவைப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். 'மாதம் எத்தனை பர்சனல் ட்ரெயினிங் பேக்கேஜ் விற்பாய்' என்பது மட்டுமே உங்கள் கேள்வி என்றால், விற்கத் தெரிந்தவர்தான் வருவார், நிறுத்தத் தெரிந்தவர் வர மாட்டார். மாதிரி வகுப்பு என்று சொல்லி ஒரு வாரம் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதும் நடக்கிறது. பத்து நிமிடத்தில் தெரியாதது ஒரு வாரத்தில் தெரியப் போவதில்லை சார்!

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களும் தயங்காமல் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது. இந்த மூன்றாவது கேள்விக்கு எதிரில் இருப்பவர் திருதிருவென்று விழித்தால், அந்த வேலை உங்களுக்குத் தேவையா என்று ஒரு ராத்திரி யோசியுங்கள்.

மைசூர் போக முடிந்தால் போய்ப் படியுங்கள், சந்தோஷம். முடியாதவர்கள் மனம் உடைய வேண்டாம். எதிரில் நிற்கிற ஆளைப் பார்க்கக் கற்றுக்கொள்ள விமான டிக்கெட் தேவையில்லை. முட்டிவலி அத்தை எல்லாத் தெருவிலும் இருக்கிறார் :-)