காபி மூட்டைக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு?

அமெரிக்காவில் யூமா என்று ஓர் ஊர். 1775 நவம்பர் கடைசியில், ஸ்பானிய அதிகாரி அன்ஸா 200-க்கும் மேற்பட்ட குடியேறிகளை கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிப்போனபோது கொலராடோ ஆற்றைக் கடந்த இடம். அங்கிருந்த க்வெச்சான் மக்கள்தான் கடக்க உதவினார்கள். (1781-ல் அதே மக்கள் வெறுத்துப்போய் எழுந்து ஸ்பெயினுக்கு அந்த வழியையே அடைத்தது தனிக்கதை!) இன்று அந்தப் பாதை தேசிய வரலாற்றுப் பாதை. 1990-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

நம்மாட்கள் நடந்த பாதை எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபித் தோட்டங்களுக்காக ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கமிருந்து கிளம்பி, தோணியில் மன்னார் கரையிறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். தலைமன்னாரிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். தேசூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரம், ஏறக்குறைய. பஸ்ஸில் போனாலே இடுப்பு ஒடியும். அவர்களுக்குக் காடு, ஆறு, பசி, காலரா. வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஏற்றுமதியான காபிக்கு மட்டும் வருஷவாரியாகக் கணக்கு இருக்கிறது!

இதைவிட மோசம், அந்தப் பயணச் செலவு யார் தலையில் எழுதப்பட்டது என்பது. கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடன். கடன் தொகையைத் 'துண்டு'ச் சீட்டில் எழுதி, அதைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றார்கள். 1921-ல்தான் அது ஒழிந்தது. அதாவது முதலாளியின் செலவு கூலியின் பற்றுக் கணக்கில்! எந்த ஆடிட்டர் இதற்குக் கையெழுத்துப் போடுவார்?

இத்தனைக்கும் பிறகு 'பிழைக்க வந்தவர்கள்', 'கள்ளத்தோணி' என்று பேச்சு. யாருடைய பிழைப்புக்கு? 1867-ல் கண்டிக்கு ரயில் ஓடியது காபிக்காகத்தான். 1948-ல் இலங்கை குடியுரிமையைப் பறித்தது. இலங்கையை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதி. சரக்கு இருப்பைப் பங்கு போடுகிற மாதிரி. போகிறாயா, இருக்கிறாயா என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அங்கேயே தங்கிவிட்டவர்களுக்குக் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது.

2023-ல், வந்து 200 வருஷம் ஆனதையொட்டி, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்த வழியிலேயே நடந்தார்கள். 'வந்தேறி' என்கிறவர்கள் ஒரு நாளாவது கூட நடந்திருக்கலாம். முதல் பத்து கிலோமீட்டராவது.