உழவர் வீட்டில் தொந்தி ஏன்?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை வட்டாரங்களில் நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதைப் பற்றித் தொடங்கும் பேச்சு, இப்போதெல்லாம் சர்க்கரை வியாதியில் வந்து முடிகிறது. உழைக்கிற உடம்புக்கு இது வராது என்ற நம்பிக்கை இனிச் செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உள்ளது.

காரணம் விளங்க ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உண்ட சோறு செரித்து இரத்தத்தில் சர்க்கரையாகக் கலக்கிறது. அது தசைக்குள் பாய மடை திறந்துவிடும் நீர்க்கட்டிதான், கணையம் சுரக்கும் இன்சுலின். வேலை செய்யும் தசையில் அது செலவாகிவிடும். மிஞ்சியது கொழுப்பாகிக் குதிரில் சேரும். இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும்வரை அந்தக் குதிர் எளிதில் திறப்பதில்லை. வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர, நீர்க்கட்டியின் சொல் எடுபடுவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஓய்ந்துபோகிறது. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்புச் சுற்றளவு போனால் எச்சரிக்கை தேவை.

இதற்காக இன்சுலின் மீது பழி போடுவது சரியல்ல. செலவுக்கு மேல் வரவு என்பதே அடிப்படை. ஏற்றம் இறைத்த காலத்துச் சோற்றை, பம்புசெட்டும் டிராக்டரும் வந்த பிறகும் அதே அளவில் உண்கிறோம். நடுவே நான்கு முறை சர்க்கரை போட்ட தேநீர் வேறு.

கேழ்வரகுக்குத் திரும்பினால் போதும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். நானும் கேழ்வரகு பயிரிடச் சொல்பவன்தான். ஆனால் அதை மருந்தென்று சொல்வதை ஏற்க மாட்டேன். நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழும் இரத்தச் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். வெல்லமும் அப்படியே. கரும்பு போடும் ஊர்களில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்!

பயறு சந்தைக்கு, அரிசி வீட்டுக்கு என்னும் கணக்கைத்தான் மாற்ற வேண்டும். வரப்பில் துவரையும் காராமணியும், கிணற்றடியில் இரண்டு சென்ட் கீரையும் வீட்டுக்கென்றே இருக்கட்டும். தட்டில் சோறு பாதியாகக் குறைந்து, அந்த இடத்தைப் பயறும் காய்கறியும் பிடிக்க வேண்டும்.

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், இந்நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேரே. இத்தனைக்கும் இவர்களது எடை குறிப்பிடும்படி இறங்கவில்லை. எனவே, தராசு முள் அசையவில்லையென்று நடையை நிறுத்திவிட வேண்டாம். உண்டபின் கால் மணி நேரம் நடந்தாலே தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

ஆடிக் கிருத்திகைக்கு விரதமிருந்து மலையேறுவோர் நம்மில் பலர். மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுப் பட்டினியாகப் படியேறினால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடக்கூடும். மருந்தின் அளவை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மடியில் கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ முடிந்துவைத்திருந்து, கைநடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடவும்.